தோள் நிற்காத ஜாக்கெட்: காரைக்குடிப் பக்கம் ஒரு மணிவிழாவுக்குத் தைத்தபோது கண்டறிந்தவை

பின்னணி

காரைக்குடிக்கு அருகே ஒரு ஊரில் வசிக்கும் 55 வயது ஆச்சி ஒருவர், கணவரின் மணிவிழாவுக்கு 26 நாள் முன்பு தம் மகளோடு ஒரு தையற்கடைக்கு வந்தார். கடையை நடத்தும் பெண் இருபது ஆண்டுக்கும் மேலாக ரவிக்கை தைத்து வருபவர். ஆச்சி கொண்டுவந்த பையில் ஒரு கண்டாங்கிச் சேலை, 80 செ.மீ. அரக்கு நிற ஜாக்கெட் துணி, கடந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு வெவ்வேறு கடைகளில் தைத்த ஐந்து ஜாக்கெட்டுகள், அவற்றுக்கெல்லாம் மூலமான ஓர் ‘அளவு ஜாக்கெட்’ ஆகியவை இருந்தன. அளவு ஜாக்கெட்டுக்கு ஏழு வயது.

ஐந்திலும் குறை ஒன்றுபோலவே இருந்தது. வலது தோள் சரிகிறது. பின்பக்க விளிம்பு முதுகில் ஏறிக்கொள்கிறது. இரண்டாவது ஊக்குக்கும் மூன்றாவது ஊக்குக்கும் நடுவே வாய் பிளக்கிறது. கையை முன்னால் நீட்டினால் முதுகில் இழுக்கிறது. ஊக்குப் பிளப்பைச் சொல்லி ஆச்சி ஒவ்வொரு முறையும் பக்கத் தையலைப் பிரித்து ‘லூஸ்’ செய்யச் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தபோதெல்லாம் தோள் இன்னும் கூடுதலாகச் சரிந்தது. கடைசியில் தோளை உள்ளாடையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்ளப் பழகிவிட்டார்.

“எந்த டெய்லர்ட்ட குடுத்தாலும் தோளு நிக்க மாட்டேங்குதுத்தா. என் ஒடம்பு அப்புடி” என்றார்.

“ஒடம்புல ஒண்ணும் இல்ல ஆச்சி. வெட்டுலதான் இருக்கு. போட்டுக் காட்டுங்க” என்றார் தையற்காரர்.

கவனித்தவை

முதலில் டேப்பை எடுக்கவில்லை. ஐந்தில் ஒன்றைப் போடச் சொல்லி, முன், பின், பக்கம் என மூன்று பக்கமும் நின்று பார்த்தார். பக்கவாட்டுப் பார்வைதான் விஷயத்தைச் சொன்னது. மேல்முதுகு வளைந்திருந்தது. வளைவின் உச்சி, பிடரி எலும்பிலிருந்து நாலரை இஞ்ச் கீழே. தலையும் தோள்முனையும் சற்று முன்னால் வந்திருந்தன. வலது தோள் இடதைவிடச் சுமார் அரை இஞ்ச் இறக்கம். ஜாக்கெட்டின் பக்கத் தையல் அக்குளுக்கு நேர்கீழே விழாமல் ஒரு இஞ்ச் முன்னால் நின்றது.

ஜாக்கெட்டைக் கழற்றி மேசையில் பரப்பி அளந்தபோது மார்புச் சுற்று 43 இஞ்ச் வந்தது. ஆச்சியின் மார்புச் சுற்று 40½. இரண்டரை இஞ்ச் தளர்வு இருக்கும் ஜாக்கெட்டில் ஊக்கு ஏன் பிளக்க வேண்டும்? முன்னும் பின்னும் தனித்தனியாக அளந்ததும் காரணம் தெரிந்தது. உடம்பில் ஓர் அக்குளின் நேர்கீழிலிருந்து மற்றொன்று வரை முன்பக்கம் 22½, பின்பக்கம் 18. ஜாக்கெட்டை வெட்டியவர் வழக்கம்போல் மொத்தச் சுற்றை நாலாக வகுத்து முன்னுக்கும் பின்னுக்கும் சமமாகக் கொடுத்திருந்தார், அதாவது முன் 21½, பின் 21½. முன்னால் ஒரு இஞ்ச் போதவில்லை, பின்னால் மூன்றரை இஞ்ச் மிச்சம். மிச்சத் துணி முன்னால் வரப் பார்த்து ஒரு இஞ்ச் நகர்ந்தது, அதற்கு மேல் வரவிடாமல் கை பிடித்து நிறுத்தியது. பக்கத் தையலைப் பிரிக்கப் பிரிக்க முதுகில்தான் துணி கூடியது. முதுகில் பிடிப்பில்லாத ஜாக்கெட்டுக்குத் தோள் நிற்காது.

தோள் அகலத்திலும் இதே மாதிரிப் பிசகு. மார்புச் சுற்றை வைத்துத் தோளைக் கணக்கிட்டதால் ஜாக்கெட்டில் 15½ இருந்தது. ஆச்சியின் தோள் 14 இஞ்ச்தான். சிறிய எலும்புக்கட்டும் நிறைந்த மார்பும் உள்ளவர்களுக்கு மார்புச் சுற்றிலிருந்து தோளைக் கணக்கிட்டால் எப்போதும் அகலமாகத்தான் வரும்.

அளவு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்ததில் அதே குறைகள் கொஞ்சம் குறைவாக இருந்தன. அது தைத்த காலத்தில் முதுகு இவ்வளவு வளையவில்லை என்று மகள் சொன்னார். ஏழு ஆண்டுக்கு முந்தைய உடம்பின் அளவும், அன்றே இருந்த வெட்டுப் பிசகும் ஐந்து முறை நகலெடுக்கப்பட்டிருக்கின்றன. அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைக்கும் வழக்கத்தின் பெரிய ஆபத்து இதுதான். கொடுப்பவர் அதை ‘சரியாக இருக்கும் ஒன்று’ என்று நினைத்துக் கொடுப்பதில்லை, ‘இருப்பதில் பரவாயில்லை’ என்றே கொடுக்கிறார். வாங்குபவரோ அதை உடம்பாகவே எடுத்துக்கொள்கிறார்.

சில ஆண்டுகளுக்குள் முதுகு வளைந்து உயரமும் குறைந்தது போல இருந்தால், மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு மெலிவதும் காரணமாக இருக்கலாம். அதைத் தையற்காரர் தீர்மானிக்க முடியாது. டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லி மகளிடம் தனியாகச் சொல்லப்பட்டது.

எடுத்த அளவுகள்

உயரம் 4 அடி 11 இஞ்ச். மார்புக்கு மேலே அக்குளை ஒட்டிய மேல்மார்புச் சுற்று 36. மார்புச் சுற்று 40½, மார்புக்கு அடியில் 34. கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பு உச்சி வழியாக ஜாக்கெட் விளிம்பு வரை 14½. அதே இடத்திலிருந்து முதுகு வழியாக 15¼. பழைய ஜாக்கெட்டின் பின்பக்கம் 14 இஞ்ச்தான், ஒன்றேகால் இஞ்ச் குறைவு. பின்விளிம்பு ஏறியதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. மார்பு நிறைந்தவர்களுக்குப் பொதுவாக முன் நீளம்தான் கூடுதலாக வரும். பின் நீளம் கூடுதலாக வந்தால் முதுகு வளைந்திருக்கிறது என்று பொருள்.

மேல்கைச் சுற்று 13½. தோளிலிருந்து மார்பு உச்சி 10¾. இந்தக் கடைசி அளவில்தான் பிறகு தவறு வெளிப்பட்டது.

முடிவுகளும் காரணங்களும்

மார்புச் சுற்றை வைத்து வெட்டுவதில்லை, மேல்மார்பு 36-ஐ வைத்தே கழுத்து, தோள், கைக்குழி (கை வந்து சேரும் வளைவு) மூன்றையும் வரைவது என்பது முதல் முடிவு. எலும்புக்கட்டைச் சொல்வது மேல்மார்புதான். மார்புக்கு வேண்டிய கூடுதல் துணி முழுவதும் முன்பக்கத்துக்கு மட்டும். தைத்து முடித்த சுற்று 42 என்று வைத்து, பின்னுக்கு 18½, முன்னுக்கு 23½ எனப் பிரிக்கப்பட்டது.

மேல்மார்புக்கும் மார்புக்கும் நாலரை இஞ்ச் வித்தியாசம். இதை இரண்டு டாட்டில், அதாவது முனை கூர்ந்து முடியும் மடிப்புத் தையலில், அடக்கினால் முனை கூம்பிப்போகும். நாலு டாட் போடலாம், கட்டோரி (மார்புக்குத் தனிக் கிண்ணத் துண்டு) போடலாம், பிரின்சஸ் கட் (மார்பு வழியாக மேலிருந்து கீழே இறங்கும் நெடுந்தையல்) போடலாம். கட்டோரியின் குறுக்குத் தையல் மெல்லிய பருத்தியில் மேலே தெரியும். கைக்குழியிலிருந்து இறங்கும் பிரின்சஸ் கட் தேர்ந்தெடுக்கப்பட்டது. போட்டுப் பார்த்தபின் அரை இஞ்ச், கால் இஞ்ச் திருத்த அந்தத் தையல் முழு நீளத்துக்கும் இடம் கொடுக்கும். டாட்டில் அந்தச் சலுகை இல்லை.

பின்பக்கக் காகித அச்சை வளைவின் உச்சியில், பிடரிக்கு நாலரை இஞ்ச் கீழே, நடுமுதுகிலிருந்து கைக்குழி நோக்கிக் குறுக்காக வெட்டி, நடுவில் ஒரு இஞ்ச் திறந்து, கைக்குழி ஓரத்தில் மூடியபடியே விடப்பட்டது. அடிவிளிம்பில் இன்னும் அரை இஞ்ச் சேர்க்கப்பட்டது. இப்படித் திறந்தால் கழுத்து விளிம்பும் அகலும். ஒவ்வொரு பக்கமும் கூடிய ⅜ இஞ்சைத் தோள் தையலிலிருந்து இறங்கும் இரண்டரை இஞ்ச் நீளச் சிறு டாட்டாக எடுத்தார்கள். அந்த டாட்டை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் கூட்டியிருந்தால் விளிம்பு இறங்கும், கழுத்து வாய் பிளந்து நிற்கும்.

கழுத்து இறக்கம் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. மகளுக்கு 9 இஞ்ச் இறக்கமும் கயிறும் வேண்டும். வளைந்த முதுகில் இறக்கக் கழுத்து வெட்டினால், வளைவின் உச்சியைப் பிடித்து நிற்க வேண்டிய துணியே இல்லாமல் போகிறது. இரு பக்கமும் மிஞ்சுவது சரிவில் நிற்கும் இரண்டு பட்டைகள். அவை வெளிப்பக்கம் வழுக்கும். கயிறு கட்டினால் பட்டைகள் நிற்கும், ஆனால் கைக்குழியை இழுத்துக்கொண்டு நிற்கும், ஐந்து மணி நேரம் உட்காருபவருக்குப் பிடரியில் உறுத்தும். ஆச்சியோ வெக்கைக்கு மூடிய கழுத்து வேண்டாம் என்றார். இறக்கம் 4 இஞ்ச், மொத்த அகலம் ஐந்தரை இஞ்ச் என்று முடிவானது. விளிம்பு தளராமல் இருக்க, கழுத்துச் சுற்றைவிடக் கால் இஞ்ச் குறைவான பட்டியை உள்ளே வைத்துத் தைக்கவும் தீர்மானித்தார்கள்.

முன்னால் வந்த தோளுக்காக, தோள் தையலின் வெளிமுனையில் முன்பக்கம் அரை இஞ்ச் குறைத்துப் பின்பக்கம் அரை இஞ்ச் கூட்டப்பட்டது. ஜாக்கெட் கையின் உச்சிப் புள்ளியும் அரை இஞ்ச் முன்னால் நகர்ந்தது. உச்சியை நகர்த்தாவிட்டால் கை முறுக்கிக்கொள்ளும்.

இறங்கிய வலது தோளுக்குப் பேட் வைக்கலாம் என்ற யோசனை வந்தது. முந்தானை இடது தோளில் விழுவதால் வலது தோள்தான் வெளியே தெரியும். ஆனால் மணிவிழாவில் கலச நீர் ஊற்றுவார்கள். பேட் நீரைக் குடித்துக் கனத்துவிடும். பேட் இல்லாமல் வலது தோளின் சரிவை மட்டும் ⅜ இஞ்ச் கூட்டி, அந்தப் பக்கக் கைக்குழியையும் அதே அளவு இறக்கினார்கள்.

கை நீளம் 10 இஞ்ச். மேல்கையின் பருத்த இடத்தில் கை முடிந்தால் பார்வை அங்கேதான் நிற்கும். முழங்கைக்குச் சற்று மேலே, கை மெலியும் இடத்தில் முடிப்பதே நல்லது.

இவ்வளவுக்கும் 80 செ.மீ. போதாது. அதே அரக்கு நிறத்தில் 36 இஞ்ச் அகலக் கைத்தறிப் பருத்தி ஒன்றேகால் மீட்டர் வாங்கி, இரவு முழுவதும் நனைத்து நிழலில் உலர்த்தியபின் அளந்ததில் 4 செ.மீ. சுருங்கியிருந்தது. லைனிங்கும் அப்படியே நனைத்து வெட்டப்பட்டது. பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு இஞ்ச் விடப்பட்டது.

சேலை

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய கரைதான் அதன் அடையாளம். ஆச்சி எடுத்திருந்தது மஞ்சள் உடலில் இருபுறமும் ஒன்பது இஞ்ச் அரக்குக் கரை. குள்ளமானவருக்கு இவ்வளவு பெரிய கரை உருவத்தை இரண்டாக வெட்டும் என்று மகள் தயங்கி, சிறு கரைச் சேலையாக மாற்றிக்கொள்ளச் சொன்னார். இடுப்பிலிருந்து தரை 36 இஞ்ச் உள்ள உருவத்தில் ஒன்பது இஞ்ச் என்பது கால் பங்கு. மகள் சொன்னதில் தவறில்லை. ஆனால் பெரிய கரை வேண்டாம் என்றால் கண்டாங்கியே வேண்டாம் என்றாகிவிடும். ஆச்சி இதைத்தான் விரும்பி எடுத்திருந்தார். சேலையை மாற்றவில்லை, கட்டும் விதத்தை மாற்றினார்கள்.

முந்தானை மடிப்பு நாலரை இஞ்ச் அகலம், கரை மேல் மடிப்பாக வெளியே. அப்போது கரை தோளிலிருந்து நேராக இறங்கும் ஒரு நெடுங்கோடாகிறது. ஜாக்கெட் சேலையின் மஞ்சளில் இல்லாமல் கரையின் அரக்கில் இருந்தால், தோளில் கரையும் ஜாக்கெட்டும் ஒன்றாகிவிடும். மேலுடம்பில் குறுக்கே வெட்டும் நிறக்கோடு இருக்காது.

இன்னொன்று, சேலையின் அகலம் 47 இஞ்ச். 36 போக மிச்சம் 11 இஞ்ச் உள்ளே மடிகிறது. பெரும்பாலோர் அதை வயிற்றுக்கு முன்னால் கொசுவத்தோடு சேர்த்துச் செருகுவார்கள். அங்கே துணி குவிந்து வயிறு பெரிதாகத் தெரியும், பழி உடம்பின்மேல் விழும். முதல் சுற்றிலேயே இடுப்பைச் சுற்றிச் சமமாக உள்மடித்து, கொசுவம் ஐந்தரை இஞ்ச் அகலத்தில் ஐந்து மட்டும் வைத்தால் கனம் பரவிவிடும். கண்டாங்கி ஒரு காலத்தில் உள்பாவாடை இல்லாமல், பின்கொசுவம் வைத்து உடுத்திய சேலை. அந்தத் திடம் இன்றைக்கும் நெசவில் உண்டு. அதனால் உள்ளே குடைபோல விரியும் பாவாடை வேண்டாம், கீழே குறுகிய ஆறு துண்டுப் பாவாடை போதும். நாடாவுக்கு ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டி. கஞ்சி மொடமொடப்புப் போகச் சேலை மூன்று முறை அலசப்பட்டது. முதல் அலசலில் ஈர வெள்ளைத் துணியைக் கரையில் தேய்த்துப் பார்த்ததில் சாயம் ஒட்டியது. மூன்றாவதில் மிக லேசாக மட்டுமே.

காடாவில் பார்த்தது

நல்ல துணியை வெட்டுமுன் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்தார்கள். 14 நாள் முன்பு ஆச்சி வந்து போட்டுப் பார்த்தார். தோள் நின்றது. பின்விளிம்பு தரைக்கு இணையாக இருந்தது. ஊக்கு பிளக்கவில்லை. ஆனால் மார்பு வளைவு உச்சிக்கு முக்கால் இஞ்ச் கீழே நின்றது.

காரணம் தேடியபோது, அளவெடுத்த நாளில் ஆச்சி தளர்ந்த பழைய உள்ளாடை போட்டிருந்தார், இன்று விழாவுக்காக வாங்கிய புதியது என்று தெரிந்தது. 10¾ என்று எழுதியது இப்போது 10. மார்புச் சுற்றில் கால் இஞ்ச்கூட மாறவில்லை, உச்சிதான் இடம் மாறியது. பிரின்சஸ் தையலின் வளைவை முக்கால் இஞ்ச் மேலேற்றினார்கள். நேராக நல்ல துணியில் தைத்திருந்தால் இந்தப் பிழையோடுதான் ஜாக்கெட் வீட்டுக்குப் போயிருக்கும்.

அடுத்து, கடையில் இருந்த மணையைப் போட்டு ஆச்சியை உட்காரச் சொன்னார் தையற்காரர். உட்கார்ந்ததும் வயிறு முன்விளிம்பை மேலே தள்ளியது, கடைசி ஊக்கு முறுக்கிக்கொண்டது. “இப்புடித்தான் எப்பவும் முறுக்கிக்கும்” என்றார் ஆச்சி. முன்விளிம்பின் நடுவில் அரை இஞ்ச் மேல்வளைவு கொடுத்து, கடைசி ஊக்கை அதற்கேற்ப ஏற்றி வைத்தார்கள். நின்று மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

விழா நாள்

ஐந்து நாள் முன்பு ஜாக்கெட் கொடுக்கப்பட்டது. விழா அன்று காலை ஆறு மணி முதல் பதினொன்று வரை ஆச்சி வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) மணையில் உட்கார்ந்தும் எழுந்தும் இருந்தார். தோளுக்கு ஊக்கு குத்தவில்லை. கலச நீரில் நனைந்தபோது லைனிங் இருந்ததால் துணி ஒட்டித் தெரியவில்லை.

இரண்டு குறைகள் இருந்தன. மாலை மாற்றும்போது, கணவர் உயரமானவர் என்பதால், இரு கையையும் நன்றாக உயர்த்த வேண்டியிருந்தது. அப்போது ஜாக்கெட் ஒரு இஞ்ச் மேலேறி, கையை இறக்கியபின் தானாக இறங்கவில்லை. மற்றொன்று சாயம். ஜாக்கெட் லைனிங் அரக்காக இருந்ததால் அதில் ஒன்றும் தெரியவில்லை. உள்பாவாடை வெள்ளை. நீர் ஊற்றியபின் கரையை ஒட்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது.

பிறகு மாற்றியவை

ஜாக்கெட் மேலேறியதற்குக் காரணம் கைக்குழி. வசதிக்காக 17½ இஞ்ச் சுற்று கொடுத்து அக்குளில் தாழ்வாக வெட்டியிருந்தார்கள். கைக்குழி தாழ்ந்தால் கை தூக்க வசதி என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. தாழ்ந்த கைக்குழியில் கையும் உடலும் சேரும் இடம் கீழே இருப்பதால், கையைத் தூக்கினால் உடல் துணி முழுவதும் கூடவே எழுகிறது. அக்குளுக்கு ஒரு விரல் மட்டும் கீழே நின்றால் கை தனியாக அசையும். அடுத்த ஜாக்கெட்டில் கைக்குழியை அரை இஞ்ச் உயர்த்தி, கையின் உச்சி உயரத்தை அரை இஞ்ச் குறைத்து, அந்த அளவைக் கையின் அகலத்தில் சேர்த்தார்கள். கடையில் இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டச் சொன்னதில் விளிம்பு கால் இஞ்ச்தான் எழுந்தது.

நீர் ஊற்றும் சடங்குக்குத் தைப்பவர்களிடம் கரை நிறத்திலேயே உள்பாவாடை எடுக்கச் சொல்வதை அந்தக் கடையில் இப்போது வழக்கமாக்கியிருக்கிறார்கள். அளவெடுக்க வருபவர்களிடம், அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையோடு வரும்படி முன்கூட்டியே சொல்கிறார்கள்.

ஆச்சியின் காகித அச்சில் தேதி, உயரம், முன்-பின் அளவுகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மூன்று ஜாக்கெட் தைத்தாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின் நீளத்தை மட்டும் மறுபடி அளப்பதென்று ஏற்பாடு. முதுகு இன்னும் வளைந்தால் முதலில் மாறுவது அந்த அளவுதான். பழைய அளவு ஜாக்கெட்டைப் பிரித்து, நல்லாயிருந்த துணியை ஊக்குப் பட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள்.